மின்வாசிப்பான் தெரிவு: கொழும்பிலிருந்து வாங்கும் தமிழ் வாசகருக்கான முழுமையான வழிகாட்டி

அமேசானின் கிண்டில் வாங்குவதா, அதன் போட்டியான கோபோ வாங்குவதா என்ற கேள்வியோடுதான் பெரும்பாலானோர் மின்வாசிப்பானை, அதாவது மின்னூல் வாசிக்கவென்றே செய்யப்பட்ட கருவியை, தேடத் தொடங்குகிறார்கள். இந்த வழிகாட்டியில் அந்தக் கேள்வி ஏழாவது படியில்தான் வருகிறது. முன்னுள்ள ஆறு படிகளையும் ஒழுங்காக முடித்தவருக்கு அதன் விடை ஏறக்குறையக் கிடைத்திருக்கும். அவற்றைத் தாண்டி நேரே விலைப் பட்டியலுக்குப் போனவர்கள், நல்ல கருவியைக் கையில் வைத்துக்கொண்டே தமக்கு வேண்டிய நூலை வாசிக்க முடியாமல் இருப்பதை வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

என்ன மொழியில், எவ்வகைக் கோப்பாக, எந்த இடத்தில், எந்தக் கையில் பிடித்து வாசிக்கப் போகிறீர்கள் என்பவைதான் தெரிவைத் தீர்மானிப்பவை. திரையின் தரம், நினைவகம், மின்கல ஆயுள் ஆகியவற்றில் இன்றைய கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. வாசகருக்கும் வாசகருக்கும் இடையேதான் வேறுபாடு பெரிது.

தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு தாள், பேனை, மில்லிமீற்றர் குறித்த அடிமட்டம், கணினி ஒன்று, அதில் நிறுவிய காலிபர் என்ற இலவச மென்பொருள். காலிபர் மின்னூல்களை வகைமாற்றவும் அவற்றின் விவரங்களைத் திருத்தவும் உதவும். எந்தக் கருவியை வாங்கினாலும் அது தேவைப்படும் என்பதால் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

இவற்றோடு மூன்று சோதனைக் கோப்புகள் வேண்டும். முதலாவது, இலவசத் தமிழ் மின்னூல்கள் தரும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்திலிருந்து இறக்கிய, இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவில் உள்ள ஏதேனும் ஒரு தமிழ் நூல். இரண்டாவது, ஈழத்து வெளியீடுகளைச் சேர்த்துவரும் 'நூலகம்' என்ற இணையத்தளத்திலிருந்து இறக்கிய, வருடி (ஸ்கேன் செய்து) எடுக்கப்பட்ட பிடிஎஃப் ஒன்று. மூன்றாவதை நீங்களே தயாரிக்க வேண்டும். அதன் உள்ளடக்கம் மூன்றாம் படியில் இருக்கிறது.

வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதிக்கப்பட்ட வங்கி அட்டை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கருவியை உறவினர் வாங்கித் தந்தாலும், கடையில் நூல் வாங்கும்போது உங்கள் அட்டைதான் வேலை செய்ய வேண்டும்.

1. அடுத்து வாசிக்கப்போகும் பத்து நூல்களை எழுதுங்கள்

"நான் நாவல்கள் வாசிப்பேன்" என்று பொதுவாகச் சொல்வதை விட்டு, அடுத்த சில மாதங்களில் உண்மையாகவே வாசிக்க எண்ணியிருக்கும் பத்து நூல்களின் பெயர்களைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மொழி எது, எங்கே கிடைக்கிறது, என்ன வடிவில் கிடைக்கிறது என மூன்று குறிப்புகள் இடுங்கள்.

பெயர் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணமும் நாம் நிஜமாக வாசிப்பதும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. தமிழ் நாவல்களுக்காகவே கருவி தேடுவதாகச் சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பட்டியலில், பத்தில் ஏழு எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வெளிவந்த ஈழத்துச் சஞ்சிகைகளாக இருந்தன. அவை அனைத்தும் வருடிய பக்கங்களாக மட்டுமே கிடைப்பவை. அவர் வாங்க நினைத்திருந்ததோ ஆறு அங்குலத் திரை.

நூல் எங்கும் மின்வடிவில் கிடைக்கவில்லையென்றால் அதையும் எழுதி வையுங்கள். தமிழில் புதிதாக வெளிவரும் நூல்களில் பல அச்சில் மட்டுமே வருகின்றன. அவற்றுக்கு வெள்ளவத்தைப் புத்தகசாலையும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும்தான் வழி. பத்தில் எட்டு அப்படியானவை என்றால், இந்த ஆண்டு மின்வாசிப்பான் வாங்காமலிருப்பதே சரியான தெரிவு.

2. கோப்புகளின் வகையைக் கண்டறியுங்கள்

பட்டியலில் உள்ளவற்றில் இறக்கக்கூடியவற்றைக் கணினியில் திறந்து பாருங்கள். இபப் கோப்பென்றால் எழுத்தின் அளவைக் கூட்டும்போது வரிகள் தாமாகவே மடிந்து திரைக்கேற்ப அமையும். அதை எந்தத் திரையிலும் வாசிக்கலாம்.

பிடிஎஃப் என்றால் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரு வரியைச் சுட்டியால் தெரிந்தெடுத்து, படியெடுத்து, வெற்று ஆவணமொன்றில் ஒட்டிப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

தெரிந்தெடுக்கவே முடியாவிட்டால் அது பக்கத்தின் படம். நூலகம் நிறுவனம் 2005 முதல் சேர்த்துவரும் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், சிறப்பு மலர்கள் பெரும்பாலும் இவ்வகையின. எழுத்தைப் பெரிதாக்க முடியாது. பக்கத்தை மட்டுமே பெரிதாக்கலாம்.

ஒட்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டது. நம் நாட்டில் பாமினி நெடுங்காலம் கோலோச்சியதால் நினைவு மலர்கள், பாடசாலை வெளியீடுகள், சங்க ஆண்டறிக்கைகள் பலவும் இப்படியே இருக்கின்றன. பிடிஎஃப் ஆக அவை ஒழுங்காகத் தெரியும். இபப் ஆக மாற்ற முயன்றால் குப்பையாகிவிடும்.

தமிழாகவே ஒட்டினால் அது ஒருங்குறி (யூனிகோட்). ஆனாலும் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று கவனியுங்கள். பிடிஎஃப்பிலிருந்து தமிழை எடுக்கும்போது 'கொ' பிரிந்து சிதறுவது வழமையான சிக்கல். புதியவர்கள் அதிகம் நேரம் தொலைப்பது இங்கேதான்: பிடிஎஃப்பைக் காலிபரில் இட்டு இபப் ஆக்கிவிடலாம் என்று நம்பிச் சிறிய கருவியை வாங்கிவிட்டு, பிறகு பக்கத்துக்குப் பக்கம் கொம்பைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

அதே நூல் மதுரைத் திட்டத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1998இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககால எழுத்துகள் வரை தட்டச்சிட்ட வடிவில் இருக்கின்றன. வருடிய படத்தை வைத்துப் போராடுவதைவிட அங்கிருந்து எடுப்பது எவ்வளவோ எளிது.

3. தமிழ் எழுத்தைச் சோதியுங்கள்

இந்தப் படியை எக்காரணத்தைக் கொண்டும் தவிர்க்க வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதப்படும் மதிப்புரைகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இராது. ஆனால் தமிழ் வாசகருக்குக் கருவி பயன்படுமா, படாதா என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

தமிழ் எழுத்துகள் கோப்பில் சேமிக்கப்படும் ஒழுங்கும் திரையில் தோன்றும் ஒழுங்கும் வேறு. 'கெ' என்பதில் ககரம் முதலிலும் கொம்பு பின்னரும் சேமிக்கப்படுகின்றன; திரையில் கொம்பு முன்னே வர வேண்டும். 'கொ' என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் அமைய வேண்டும். இதைச் செய்வது கருவியில் உள்ள மென்பொருள். எழுத்துருவை மட்டும் மாற்றி இந்தக் குறையைத் தீர்க்க முடியாது.

ஒரு வெற்று ஆவணத்தில் இந்தச் சொற்களைத் தட்டச்சிட்டுக் காலிபர் மூலம் இபப் ஆக்குங்கள்: கொழும்பு, கோட்டை, கௌரவம், மைதானம், தூது, கூழ், ஜூலை, லக்ஷ்மி, தீபாவளி. ஸ்ரீ என்பதை ஸகரத்தில் தொடங்கி ஒரு முறையும், ஶகரத்தில் தொடங்கி ஒரு முறையும் இடுங்கள்; ஒருங்குறியில் இரண்டு வழிகளும் புழக்கத்தில் உள்ளன, ஒன்று சரியாகத் தெரிந்து மற்றது உடைவதுண்டு. காலிபரில் நூலின் மொழியைத் தமிழ் என்று குறிக்க மறவாதீர்கள். மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்ட தமிழ் நூலுக்குக் கருவி பொருந்தாத எழுத்துருவைத் தேர்ந்துவிடக்கூடும்.

வாங்க எண்ணும் கருவியில் இதை ஏற்றிப் பார்க்கும்போது (எப்படி என்பது எட்டாம் படியில்) பின்வருவனவற்றைக் கூர்ந்து பாருங்கள். கொம்பு தனியே நின்று, அதன் அருகே புள்ளிகளால் ஆன வட்டம் தோன்றினால் எழுத்து உடைந்துவிட்டது. புள்ளி எழுத்தின் தலைக்கு நேரே இல்லாமல் வலப்புறம் விலகி நின்றால், வாசிக்க முடியும், ஆனால் பத்துப் பக்கத்தில் கண் அலுத்துவிடும். வரி இடைவெளியைக் குறைக்கும்போது 'தீ' என்பதன் மேல்வளைவு வெட்டுப்படுகிறதா என்றும், ஒரு வரி மெய்யோடு முடிந்து அடுத்த வரி காலோடு தொடங்குகிறதா என்றும் பாருங்கள்.

நூலின் உள்ளே தமிழ் சரியாக வந்தபோதும், நூற்பட்டியலில் தலைப்பு வெறும் கட்டங்களாகத் தெரியும் கருவிகள் உண்டு. நூறு நூல்களைச் சேர்த்த பிறகு அது பெரும் தொல்லையாகும்.

கிண்டில் 2016 டிசம்பர் முதல் தமிழ் நூல்களை அதிகாரபூர்வமாக ஆதரிக்கிறது. கோபோவில் இபப் கோப்புக்கு ஒரு காட்சி மென்பொருளும், கெபப் என்ற அதன் சொந்த வடிவத்துக்கு வேறொன்றும் இயங்குகின்றன. ஆகவே ஒன்றில் தமிழ் உடைந்தால் கோப்பைக் கெபப் ஆக மாற்றி மீண்டும் பாருங்கள். அதற்குப் பிறகும் திருப்தியில்லையென்றால் கேஓரீடர் என்ற இலவச வாசிப்பு மென்பொருளை நிறுவலாம். அது கோபோவிலும் பொக்கெட்புக் என்ற மற்றொரு நிறுவனத்தின் வாசிப்பான்களிலும் அண்ட்ரொய்ட் கருவிகளிலும் இயங்கும், இந்திய மொழி எழுத்துகளை ஒழுங்காக அமைக்கும். கிண்டிலில் அதை நிறுவ நிறுவனத்தின் பூட்டை உடைக்க வேண்டும். புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

4. திரையளவை அடிமட்டத்தால் முடிவுசெய்யுங்கள்

அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. பக்கம் எவ்வளவு தெரியும் என்பதை அது சொல்வதில்லை. எனவே மில்லிமீற்றரில் பாருங்கள். ஆறு அங்குலத் திரை ஏறத்தாழ 91க்கு 122, ஏழு அங்குலம் 107க்கு 142, 7.8 அங்குலம் 119க்கு 158, 10.3 அங்குலம் 157க்கு 209.

இப்போது வீட்டிலுள்ள ஒரு தமிழ் நூலை எடுத்து அளவிடுங்கள். டெமி அளவு நூலென்றால் பக்கம் கிட்டத்தட்ட 140க்கு 215 மில்லிமீற்றர் இருக்கும். அந்தப் பக்கத்தின் வருடிய படத்தை ஆறு அங்குலத் திரையில் முழுதாகக் காட்டினால் அது 57 வீதமாகச் சுருங்கும். பத்துப் புள்ளி எழுத்து ஆறு புள்ளிக்கும் கீழே போய்விடும். தமிழ் எழுத்துகளில் சுழிகள் அதிகம். அந்த அளவில் ணகரமும் னகரமும் ஒன்றையொன்று ஒத்திருக்கும்.

7.8 அங்குலத்தில் அதே பக்கம் 73 வீதம். நல்ல கண்ணுள்ளவருக்குப் போதும். 10.3 அங்குலத்தில் ஏறத்தாழ அச்சுநூலின் அளவிலேயே வரும். ஆகவே பட்டியலில் பாதிக்கு மேல் வருடிய பக்கங்கள் என்றால் 10.3 அங்குலத்தையே எண்ணுங்கள். விலை கூடத்தான், கிண்டில் ஸ்கிரைப் போன்ற பெரிய கருவியின் எடையும் 400 கிராம் அளவில் இருக்கும். இருந்தாலும் வாசிக்க முடியாத மலிவான கருவியைவிட அது சிக்கனமானது.

இடைப்பட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஏழு அங்குலத் திரையைக் கிடையாகத் திருப்பினால் அகலம் 142 மில்லிமீற்றர் கிடைக்கும். டெமிப் பக்கத்தின் அகலமும் அதுவே. அதாவது பக்கம் முழு அளவில், ஆனால் பாதி பாதியாகத் தெரியும். ஒரு பக்கத்துக்கு இரண்டு முறை நகர்த்த வேண்டும். ஓரத்து வெண்மையை வெட்டும் வசதி இருந்தால் எழுத்து இன்னும் பெரிதாகும். மாதத்துக்கு ஒன்றிரண்டு வருடிய நூல்களை வாசிப்பவருக்கு இது போதுமானது என்பது என் கணிப்பு.

பட்டியல் முழுவதும் இபப் என்றாலும் தமிழுக்கு ஆறு அங்குலத்தைவிட ஏழு அங்குலம் வசதியானது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற ஒரு சொல்லே சிறிய திரையில், பெரிய எழுத்தில், ஒரு வரியை விழுங்கிவிடும்.

5. எங்கே, எந்தக் கையால் வாசிக்கிறீர்கள் என்று பாருங்கள்

காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு கையால் மேற்கம்பியைப் பிடித்தபடி வாசிப்பவருக்குப் பக்கம் திருப்பும் பொத்தான் ஒரு வரம். தொடுதிரையில் கட்டைவிரலை நடுத்திரைக்கு நீட்ட வேண்டும். பஸ் குலுங்கும்போது இரண்டு பக்கம் தாண்டிவிடும், அல்லது பட்டியல் திறந்துகொள்ளும். கிண்டில் வரிசையில் பொத்தானுள்ள ஒயாசிஸ் 2024இல் நிறுத்தப்பட்டது. கோபோ லிப்ராவிலும் பொக்கெட்புக்கின் பல கருவிகளிலும் பொத்தான்கள் உள்ளன.

இடக்கைக்காரர் என்றால், திரையைத் தலைகீழாகத் திருப்பும்போது எழுத்தும் சேர்ந்து திரும்புகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பொத்தான்கள் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் கருவியில் இது முக்கியம்.

எடையைக் கைதான் சொல்ல வேண்டும். கிண்டிலின் சிறிய கருவி 158 கிராம், 2024இல் வந்த பேப்பர்வைட் 211 கிராம். எண்ணில் சிறிய வேறுபாடு. மல்லாந்து படுத்து முக்கால் மணி நேரம் வாசிக்கும்போது மணிக்கட்டு அதை உணரும். உறையின் எடையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். நாளிதழ்களை மடித்து, நீங்கள் எண்ணியிருக்கும் கருவியும் உறையும் சேர்ந்த எடைக்குச் சமையலறைத் தராசில் சரிப்படுத்தி, வழமையாக வாசிக்கும் நிலையில் பிடித்துப் பாருங்கள். கடையில் காட்சிக்கு வைத்த கருவி கிடைக்காத நம் ஊரில் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

மின்வாசிப்பான்களில் உள்ள, தாளைப் போலத் தோன்றும் ஈ-இங்க் திரைகளில் பெரும்பாலானவற்றின் அடித்தளம் கண்ணாடி. காலை நெரிசலில் தோட்பை அழுத்தப்படும்போது வெளியே கீறலே இல்லாமல் உள்ளே உடையும். பஸ்ஸிலும் புகையிரதத்திலும் கொண்டுபோகிறவர் முன்மூடி உள்ள கடினமான உறையை விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கடற்கரையோரப் பாதையில் பாணந்துறைப் பக்கம் பயணிப்பவர்களுக்கு ஒன்று. மாலை வெயில் மேற்குச் சாளரத்தால் நேரே விழும்போது கைத்தொலைபேசித் திரை மங்கும். ஈ-இங்க் தாளைப் போலத் தெளிவாகவே இருக்கும். ஆனால் திரையின் மேல் கண்ணாடி சமதளமாகப் பதிக்கப்பட்ட கருவிகளில் ஓரளவு ஒளி தெறிக்கும். திரை சற்றுப் பள்ளமாக இருக்கும் சிறிய கிண்டிலில் அது குறைவு. மாறாக, பள்ளத்தின் ஓரத்தில் மணலும் தூசும் சேரும்.

6. கண்ணுக்கு ஏற்ற வெளிச்சத்தைத் தெரிவுசெய்யுங்கள்

இக்கருவிகளில் விளக்கு திரையின் ஓரத்திலிருந்து மேற்பரப்பின் மீது ஒளியைப் பரப்புகிறது. தொலைபேசியைப் போலப் பின்னாலிருந்து கண்ணுக்குள் அடிப்பதில்லை. இரவில் படுக்கையில் வாசிப்பவர், ஒளியை மஞ்சளாக மாற்றும் வசதி உள்ளதையே எடுங்கள். சிறிய கிண்டிலில் அந்த வசதி இல்லை; பேப்பர்வைட்டிலும் கோபோ கிளாராவிலும் உண்டு. ஒரே அறையில் பிள்ளைகள் உறங்கும் வீடுகளில் இது ஆடம்பரம் அல்ல.

அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பதற்குக் கீழே இறங்க வேண்டாம். பழைய மலிவுக் கருவிகளில் 167 புள்ளிகள்தான்; ஆங்கிலம் அதில் சமாளிக்கும், தமிழின் சுழிகள் பிசிறடிக்கும்.

வண்ணத் திரை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கோபோ லிப்ரா கலர் போன்றவற்றில் கறுப்பு வெள்ளை எழுத்து 300 புள்ளிகளில் வந்தாலும் வண்ணம் 150 புள்ளிகளில்தான் வரும். வண்ண வடிகட்டி ஒளியைக் குறைப்பதால் பின்னணி சற்றுக் கருமையாகவும் இருக்கும். விளக்கைக் கூட்டி வைக்க வேண்டிவரும். பட்டியலில் சிறுவர் படநூல்களோ வண்ணச் சித்திரக்கதைகளோ இருந்தால் வாங்குங்கள். நாவலும் கட்டுரையும் மட்டும் என்றால் கறுப்பு வெள்ளைத் திரைதான் கூர்மையானது. வண்ணத்துக்குக் கொடுக்கும் பணத்தைத் திரையளவுக்குக் கொடுப்பது நல்லது.

7. இப்போது நிறுவனத்தைத் தெரிவுசெய்யுங்கள்

நூல்களைப் பெரும்பாலும் விலைக்கு வாங்குவீர்களா, நீங்களே சேர்த்த கோப்புகளை இடுவீர்களா? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் தெரிவு முடிந்துவிடும்.

விலைக்கு வாங்குபவர், தமிழிலும் ஆங்கிலத்திலும், கிண்டில் பக்கமே போகலாம்; அமேசான் கடையில் தமிழ் மின்னூல்கள் நிறைய உள்ளன. வாங்குமுன் இலங்கை முகவரி கொண்ட உங்கள் கணக்கால் உள்நுழைந்து, பட்டியலிலுள்ள நூல்கள் உங்கள் நாட்டுக்குக் கிடைக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சென்னையிலுள்ள நண்பரின் திரையில் தெரியும் விலையும் பட்டியலும் உங்கள் திரையில் தெரிய வேண்டும் என்பதில்லை.

அங்கே வாங்கும் நூல் பெரும்பாலும் அமேசானின் கருவிகளிலும் செயலிகளிலும்தான் திறக்கும். கணினிக்கு இறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியையும் 2025 பெப்ரவரி 26உடன் அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. வாங்கிய நூலைத் தன் கையில் வைத்திருக்க விரும்புகிறவர் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நூல்களைத் தாமே சேர்ப்பவருக்குக் கோபோவும் பொக்கெட்புக்கும் வசதியானவை. கம்பியால் கணினியோடு இணைத்து இபப்பை இழுத்துவிட்டால் போதும். கிண்டிலுக்கு இபப்பை 'சென்ட் டு கிண்டில்' என்ற அமேசானின் அனுப்புச் சேவை வழியே அனுப்ப வேண்டும். அது தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும்.

பூக்ஸ் போன்ற அண்ட்ரொய்ட் கருவிகளில் கிண்டில் செயலியையும் கோபோ செயலியையும் சேர்த்தே நிறுவலாம். பெரிய திரையும் கிடைக்கும். பதிலுக்கு மின்கலம் விரைவில் இறங்கும், அமைப்புகள் சிக்கலானவை, செய்திச் செயலிகளும் உள்ளே நுழைந்துவிடும். தொலைபேசியிலிருந்து தப்பி வாசிப்பதற்காகவே கருவி தேடுபவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். ஆய்வு மாணவருக்கும், பிடிஎஃப்பில் குறிப்பெழுத வேண்டிய ஆசிரியருக்கும் சொல்வேன்.

அகராதியை நம்பித் தெரிவுசெய்ய வேண்டாம். ஆங்கிலச் சொல்லைத் தொட்டால் பொருள் வரும். தமிழில் 'வீட்டிலிருந்து' என்பதைத் தொட்டால், உள்ளே தமிழ் அகராதி இருந்தாலும் 'வீடு' என்ற தலைச்சொல்லை அது கண்டுபிடிப்பது அரிது.

8. வாங்கும் வழியை ஒழுங்குசெய்யுங்கள்

கொழும்பில் இக்கருவிகளை இறக்குமதி செய்து விற்கும் சிறு விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் பல வீடுகளுக்கு அவை லண்டன் சித்தப்பா, ரொறன்ரோ மச்சாள் வழியாகவே வருகின்றன. அப்படி வருவதென்றால் ஒழுங்கு மிக முக்கியம்.

முதலில், உங்கள் மூன்று சோதனைக் கோப்புகளையும் அவர்களுக்கு அனுப்புங்கள். கருவி அவர்கள் கைக்குக் கிடைத்ததும் அவற்றை ஏற்றி, திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும் கால எல்லை முடிவதற்குள், கருவி விமானம் ஏறுமுன், இது நடக்க வேண்டும். இங்கே வந்த பிறகு தமிழ் உடைவதைக் கண்டால், திருப்பி அனுப்பும் செலவும் அலைச்சலும் உங்களுடையவை. உத்தரவாதமும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்.

அமேசானில் வாங்குவதென்றால், இது அன்பளிப்பு என்று குறிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கருவி வாங்கியவரின் கணக்கிலேயே பதிவாகி வரும். அம்மாவுக்கு வந்த கிண்டிலில் மகனின் நூல்கள் வரிசையாக நிற்பதும், அவர் தொட்டு வாங்கிய நூலுக்கு மகனின் அட்டையில் பணம் போவதும் இப்படித்தான் நடக்கின்றன. வந்துவிட்டதென்றால் அமைப்புகளுக்குள் சென்று பதிவை நீக்கி, உங்கள் கணக்கில் புதிதாகப் பதியுங்கள்.

தபாலிலோ விரைவுத்தூதிலோ வரவழைத்தால் சுங்கத்தில் வரிகள் அறவிடப்படலாம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். அது பொருளின் விலையோடு அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிடப்படும். விலைகளை ஒப்பிடும்போது இதைச் சேர்த்து ஒப்பிடுங்கள்.

பாவித்த கருவி வாங்குபவர், விற்பவரை அவர் கணக்கிலிருந்து கருவியின் பதிவை உங்கள் கண்முன்னே நீக்கச் சொல்லி, உங்கள் கணக்கில் பதிந்து பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். "வீட்டுக்குப் போய் நீக்கிவிடுகிறேன்" என்பதை ஏற்க வேண்டாம். இருட்டான இடத்தில் விளக்கை முழுதாக ஏற்றி, திரையில் கோடுகளோ கரும்புள்ளிகளோ இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

9. முதல் நாளில் செய்ய வேண்டியவை

கருவி கைக்கு வந்ததும் இணையத்தில் இணைத்து மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, மூன்று சோதனைக் கோப்புகளையும் மீண்டும் ஏற்றுங்கள். புதுப்பிப்புக்குப் பின் எழுத்தமைப்பு மாறுவதுண்டு.

அடுத்ததாக எழுத்துரு. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை ஆகியவை இலவசமாகக் கிடைப்பவை. கிண்டிலிலும் கோபோவிலும் எழுத்துருக் கோப்புறை ஒன்றுள்ளது. கம்பியால் இணைத்து அதில் இடுங்கள். கோபோவில் அந்தக் கோப்புறையை நீங்களே உருவாக்க வேண்டியிருக்கலாம். நீண்ட வாசிப்புக்கு மெல்லிய கோட்டு எழுத்துரு வேண்டாம். ஈ-இங்க் திரையில் அது மங்கலாகத் தெரியும், சற்றுத் தடித்ததே நல்லது.

பிறகு வரிச்சீரமைப்பை இருபுறமும் நேராக்கும் நிலையிலிருந்து இடப்புறம் மட்டும் நேராக்கும் நிலைக்கு மாற்றுங்கள். நீண்ட தமிழ்ச் சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்படும்போது, எஞ்சிய மூன்று சொற்களை இழுத்து வரியை நிரப்பக் கருவி முயலும். சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். வாசிக்கக் கடினமாக இருக்கிறது என்று கருவியைக் குறைகூறிய பலருக்கு, இந்த ஒரு மாற்றம் போதுமாக இருந்தது.

வரி இடைவெளியை ஆங்கில நூலுக்கு வைப்பதைவிட ஒரு படி கூட்டுங்கள், ஓரத்தைக் குறையுங்கள். விளக்கைத் தானியங்கியில் விடாமல், பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என நீங்களே பார்த்து வையுங்கள். வயர்லெஸ் இணைப்பை நிறுத்தி வைத்தால் மின்கலம் வாரக்கணக்கில் தாங்கும்.

கடைசியாக, முதற்படியில் எழுதிய தாளை எடுத்து, பத்து நூல்களில் மின்வடிவில் கிடைத்த அனைத்தையும் கருவியில் ஏற்றுங்கள். ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து இரண்டு பக்கங்களை, வழமையாக உட்காரும் இடத்தில், வழமையான வெளிச்சத்தில் வாசியுங்கள். அட்டையும் முன்னுரையும் ஒழுங்காக வந்து, உள்ளே அடிக்குறிப்புகளும் செய்யுள் வரிகளும் குலைந்திருக்கும் கோப்புகள் உண்டு என்பதால் நடுவிலிருந்து பாருங்கள். குலைந்தவற்றைத் தாளில் குறித்து, வேறு பதிப்பு கிடைக்கிறதா என்று தேடுங்கள், அல்லது காலிபரில் திருத்துங்கள். திரையே காரணம் என்று தெரிந்தால், திருப்பிக் கொடுக்கும் நாள் கடந்துவிடுமுன் விற்பவரிடம் பேசுங்கள்.